எலும்பு வயிற்றில் இருந்த நாட்கள்

என் வீட்டுக்காரருடைய மண்டையோட்டில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று நாலரை மாதம் அவருடைய வயிற்றுக்குள் இருந்தது. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்பாதவர்களிடம் நான் சண்டைக்கும் போவதில்லை. அந்த நாலரை மாதத்தைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது வாசலில் வந்து நின்றால், எனக்கு மிச்சமிருக்கும் வருடங்களை யோசிக்காமல் தூக்கிக் கொடுத்துவிடுவேன்.

அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அது மண்டையால் வந்தது இல்லை, நெஞ்சு வலி. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "தங்கமான மனுஷன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசினதில்ல." அதிர்ந்து என்ன, அதிராமலும் பேசினதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் பேசிக் கேட்டவர்கள் இந்த உலகத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். அதிலும் முழுதாகக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

அவர் பிளம்பர். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் அந்த வீட்டில் இரண்டு பேர் குடியிருந்தோம், பேசியது ஒருவர்தான். காலையில் "டீ". கிளம்பும்போது "வரேன்". திரும்பி வந்ததும் "சாவி". மற்ற நேரமெல்லாம் கடைக் கதை, தெருக் கதை, பக்கத்து வீட்டுத் தையல்காரர் கதை என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். அவர் காதில் விழுகிறதா இல்லையா என்றே தெரியாது. "வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று கேட்பேன். அதற்கும் பதில் வராது. கோபத்தில் பாத்திரங்களை நாலு தட்டு தட்டுவேன். உடனே அவர் எழுந்து, எங்கேயாவது குழாய் சொட்டுகிறதா என்று பார்க்கப் போய்விடுவார். பிளம்பர் வீட்டில் எந்தக் குழாய் சொட்டும்?

பேசாததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு ஒன்று. என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம் எங்கள் கல்யாணக் கதையைச் சொல்வார். "எந்தம்பி கல்யாணமே வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னான். நான்தான் விடாப்பிடியா இவளப் பாத்துக் கட்டி வச்சேன்." எல்லாரும் சிரிப்பார்கள். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அப்படியெல்லாம் இல்லை என்று ஒரே ஒரு தடவை சொல்வாரா என்று பார்ப்பேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேண்டாம் என்றவர் தலையில் கட்டி வைக்கப்பட்டவள் நான் என்பது பதினெட்டு வருடமும் எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கும்போது இரும்பு ஏணியின் படி ஒன்று கழன்றது. எட்டடி உயரம்தான். ஆனால் கைப்பிடிச் சுவரில் வலது பக்க மண்டை மோதிவிட்டது. கடைக்குப் போன் வந்தபோது யாருடைய லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தேனோ, அது சுக்கலாகிவிட்டது.

மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவு மூன்றாவது மாடி. அங்கே ஒரு டாக்டரம்மா. ஐம்பது வயதிருக்கும், குள்ளம், என்னைப் போலவே வாய். ஸ்கேன் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, பேனாவால் தட்டிக் காட்டினார்.

"இது மூளை. இந்த வெள்ளைப் பட்டை ரத்தம். ரத்தம் மூளையத் தள்ளிக்கிட்டு வருது. நடுக்கோடு நேரா இருக்கணும், எப்படி வளைஞ்சிருக்கு பாருங்க. இப்பவே ஓட்டத் திறந்து ரத்தத்த எடுக்கணும்."

"எடுத்துட்டா சரியாயிடுமா டாக்டர்?"

"உசிரு நிக்க வாய்ப்பிருக்கு. ஆனா திறந்த எலும்ப உடனே மூட முடியாது. அடி பட்ட மூளை வீங்கும். வீங்கறதுக்கு இடம் விடணும். இல்லன்னா உள்ளயே நசுங்கிடும்."

"அப்ப அந்த எலும்பு?"

"வயித்துல வச்சுத் தைச்சிடுவோம். தோலுக்கு அடியில, கொழுப்புக்குள்ள. மூணு மாசம் கழிச்சு எடுத்து மறுபடியும் தலையில வைப்போம்."

எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. "வயித்துலயா? ஃப்ரிட்ஜ்ல வைக்கக் கூடாதா டாக்டர்?" என்று கேட்டேன்.

"எங்க ஃப்ரிட்ஜ நம்பறத விட உங்க வீட்டுக்காரர் வயித்த நம்பறேன். கையெழுத்துப் போடுங்க" என்றார்.

போட்டேன். உள்ளே ஐந்து மணி நேரம் ஆனது. அப்புறம் பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சை அறையில் குழாய்களுக்கு நடுவே கிடந்தார். ஊருக்கெல்லாம் குழாய் போட்ட மனுஷனுக்கு மூக்கில் ஒன்று, தொண்டையில் ஒன்று, தலையிலிருந்து ஒன்று. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, வீட்டில் பேசுகிற மாதிரியே கடைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பதில் வராதது பழக்கம்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பதின்மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். அன்று மத்தியானம் அவர் கண்ணைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கரகரத்த குரலில், "இந்த ஃபேன் சத்தம் போடுது. பேரிங் போயிருக்கு" என்றார். ஒரே மூச்சில் ஆறு வார்த்தை. நான் நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். அவர் பிழைத்துவிட்டார் என்பதற்காகவா, ஆறு வார்த்தை பேசிவிட்டார் என்பதற்காகவா, எனக்கே தெரியாது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார். எழுந்தால் ஹெல்மெட் போட வேண்டும். அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கக் கூடாது. இடது கை கொஞ்சம் பலவீனமாக இருக்கும், பயிற்சி செய்ய வேண்டும். "இன்னொண்ணு. முன் பக்கத்து மூளையில அடி. அதனால கொஞ்ச நாளைக்கு வாய்க்கு வந்ததப் பேசுவாரு, கோபப்படுவாரு, அழுவாரு. மனசுல வச்சுக்காதீங்க. மூணு மாசம் முடிஞ்சதும் நாங்க போன் பண்ணுவோம்." வார்டு சிஸ்டர்கள் அவருக்கு 'லாக்கர் அண்ணன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கிளம்பும்போது, "லாக்கர் பத்திரம்" என்று வயிற்றைக் காட்டிச் சிரித்தார்கள். இடுப்புக்கு மேலே தோலுக்கடியில் தட்டையாக, கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். முதல் வாரம் அதைத் தொடவே எனக்குப் பயம்.

வீங்கிய மூளை வடிய வடிய, தலையில் அந்த இடம் மெல்லப் பள்ளமாகியது. முடி மழித்த தோல் மட்டும்தான் மூடி. அது லேசாக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அதற்குள்ளேதான் இந்த ஆள் முழுவதும் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் தொடங்கியது பேச்சு. மடை திறந்த மாதிரி என்பார்களே, அப்படி. நலம் விசாரிக்க வந்த வீட்டு ஓனரிடம், "மாடி டேங்க்ல பாசி. பதினோரு வருஷமா சொல்லணும்னு இருக்கேன், நீங்க கருமி, சொன்னாலும் செய்ய மாட்டீங்க" என்றார். தையல்காரரிடம், "நீங்க வந்தா எழுந்து போறதே இல்ல" என்றார். அக்காவிடம், "சக்கர வியாதின்னு சொல்லிட்டு அலமாரிக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சு ஸ்வீட் திங்கற" என்று போட்டு உடைத்தார். நாத்தனார் முகம் போன போக்கைப் பார்த்து நான் சமையலறைக்குள் போய், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். என்னையும் விடவில்லை. "நீ வேலை செய்யறப்ப பாடாத. நல்லா இல்ல." பதினெட்டு வருடம் பாடியிருக்கிறேன்.

நல்லதை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். பயிற்சி கொடுக்க வந்த பெண்ணைக் கூசும்படி திட்டி அழ வைத்தார். மழை பெய்தால் காரணமில்லாமல் அழுதார். ஒரு நாள் தட்டை விசிறி அடித்தார், சுவரெல்லாம் சாப்பாடு. அதையெல்லாம் துடைத்தவளும் நான்தான். ஆனால் மாலையில் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொள்வார். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருவேன். அவர் பேசுவார். நான் கேட்பேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நேரம் அதுதான்.

இரண்டாவது மாதம் என்று நினைவு. நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அத மறுபடியும் செய்" என்றார்.

"எத?"

"மூக்கத் தேய்ச்சியே. கடையிலயும் அப்படித்தான் தேய்ப்ப. பேசினுக்கு அடியில இருந்து பாத்தேன்."

"எந்தக் கடை? எந்த பேசின்?"

"உங்க கண்ணாடிக் கடதான். பின்னாடி கை கழுவற பேசின் ஒழுகுச்சே. நான் அடியில படுத்திருந்தேன். நீ வந்து, 'ஏங்க, ஈரக் காலோட உள்ள நடமாடாதீங்க, லென்ஸ் எல்லாம் கீழ இருக்கு'ன்னு திட்டின."

எனக்கு நினைவு வந்தது. கல்யாணத்துக்கு முந்தின வருடம். பேசினுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைத் திட்டினேன். முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாளும் அதே இடத்தில் ஒழுகியது, அதே கால்கள் வந்தன. அதற்கு மறுநாளும். "வேலை தெரியாத ஆளப் புடிச்சிருக்கீங்க" என்று முதலாளியிடம் சண்டை போட்டது நான்தான்.

"வேலை எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி. "அஞ்சு நிமிஷ வேலை. வாஷர வேணும்னே லூசா விட்டுட்டுப் போனேன். மறுநாள் கூப்பிடுவாங்கல்ல. மூணு நாள் அப்படி வந்தேன். நாலாம் நாள் உங்க முதலாளி வேற ஆளக் கூப்பிட்டுட்டாரு. அப்பதான் அக்கா காலப் பிடிச்சேன். எப்படியாவது போய்ப் பொண்ணு கேளுன்னு."

"உங்க அக்கா, உங்களுக்கு இஷ்டமே இல்லன்னு..."

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். வெக்கமா இருந்துச்சு." சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கப் போனவரை, அந்தப் பக்கம் சாயக் கூடாதே என்று பிடித்து நிறுத்தினேன். பிடித்த கையை எடுக்க மனம் வரவில்லை.

மறுநாளே நாத்தனார் வீட்டுக்குப் போய் நின்றேன். "அண்ணி, உண்மையச் சொல்லுங்க. அவரு என்னைய வேணாம்னு சொன்னாரா?" அவர் முதலில் மழுப்பினார். பிறகு மூக்கைச் சிந்தினார். "வேணாம்னா? சோறு தண்ணி இல்லாம கெடந்தான். அவன் கேட்டான்னு யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். சொல்லிச் சொல்லி அதுவே எனக்கும் உண்மை மாதிரி ஆயிடுச்சும்மா." பதினெட்டு வருடம் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட மனுஷியை அன்றைக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்ல? நாற்பது வயதைத் தாண்டியவள், வேலை முடிந்ததும் பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் வீட்டுக்கு நடந்தே வருவேன். கதவைத் திறந்தால் ஹெல்மெட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பார். "லேட்டாயிடுச்சு. எங்க போன?" என்பார். யாராவது என்னை அப்படிக் கேட்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. அந்த மஞ்சள் சுவர், மருந்து வாடை, மூலையில் உருட்டிப் பழகும் ரப்பர் பந்து, அவருடைய நிறுத்தாத குரல். இப்போதும் கண்ணை மூடினால் அந்த அறைக்குள் போய்விடுவேன்.

மூன்று மாதம் முடிந்தது. ஒரு காலை போன் அடித்தது. மருத்துவமனை எழுத்தர். "திங்கக்கிழமை அட்மிட் ஆகணும்மா. எலும்ப வைக்கறதுக்கு. பேஷன்ட்டுக்கு சளி, இருமல், காய்ச்சல் ஏதாவது இருக்கா? இருந்தா மயக்க மருந்து குடுக்க மாட்டாங்க."

உள்ளே அவர் ரேடியோவோடு வாதம் செய்துகொண்டிருந்தார். எலும்பு திரும்பிப் போனால் இந்தக் குரலும் போய்விடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. மூடி இல்லாததால்தான் வாய் திறந்தது என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். தீர யோசிக்கவும் இல்லை.

"சளி இருக்கு" என்றேன்.

"சரிம்மா, ரெண்டு வாரம் தள்ளிப் போடறோம்."

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார்கள். "இருமல் விடல" என்றேன். அதற்கும் சரி என்றார்கள். வாஷரை லூசாக விட்டுப் போன ஆளுக்கு ஏற்ற பெண்டாட்டிதான் என்று எனக்கே சிரிப்பு வந்தது. பயமாகவும் இருந்தது. பயத்தை ஒதுக்கித் தள்ளினேன்.

ஆனால் நடந்துகொண்டிருந்ததைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தலையில் பள்ளம் ஆழமாகியது. உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் குறையும். தேறி வந்த இடது கை மறுபடியும் தொய்ய ஆரம்பித்தது. டீ கப்பை இரண்டு தடவை நழுவ விட்டார். மூன்றாம் தடவை, நழுவியது என்றே தெரியாமல் வெறும் கையை வாய்க்குக் கொண்டுபோனார். அந்த வாரமே குளியலறை வாசலில் நின்றபடி சரிந்து விழுந்தார். ஹெல்மெட் இருந்ததால் பிழைத்தார். தரையில் கிடந்தபடி, "கால் எங்க போச்சு?" என்று என்னைக் கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அவரைப் படுக்க வைத்துவிட்டு நேராகப் போனிடம் போனேன். டாக்டரம்மாவைத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அவர் குரல் கேட்டதும், "டாக்டர், அவருக்குச் சளி இல்ல. சளி இருந்ததே இல்ல" என்றேன்.

"உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

மத்தியானம் டாக்டரம்மா அவரைச் சோதனை மேசையில் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார்.

"ஓரத்தப் பாருங்க. கரைஞ்சிருக்கு. எலும்பு வயித்துல சும்மா உக்காந்திருக்காதும்மா, உடம்பு அதக் கொஞ்சங் கொஞ்சமாத் தின்னும். இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா வைக்கறதுக்கு எதுவும் இருந்திருக்காது. தலை மேல ஓடு இல்லாம காத்தோட பாரம் மொத்தமும் மூளை மேல உக்காந்திருக்கு. அதான் கை போகுது, கால் போகுது. ஏன் பொய் சொன்னீங்க?"

நான் சொன்னேன். டீ, வரேன், சாவி என்று ஆரம்பித்து, பேசினுக்கு அடியில் நீட்டியிருந்த கால்கள் வரைக்கும் சொன்னேன். நடுவில் அழுகை வந்துவிட்டது. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவும் செய்தார். "மூளை கெட்டுப் போச்சா உங்களுக்கு? அவருக்காவது அடி பட்டுச்சு" என்றார். பிறகு மேசை மேல் இருந்த தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

"ஓடு இல்லாததால அவரு பேசறாருன்னு இல்ல. அடி பட்டதால பேசறாரு. ஓட்ட வச்சா மூளை தேறும். தேறினா பேச்சும் பழையபடி ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு. அவரு பேசறது எதுவும் புதுசா முளைச்சது இல்லம்மா. அத்தனையும் அவருக்குள்ள இருந்ததுதான். அடக்கி வைக்கற இடத்துல அடி, அவ்வளவுதான்."

"நான் தள்ளிப் போட்டதால அந்தக் கை வராமலே போயிடுமா டாக்டர்?"

"வச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். அதுதான் நான் வாங்கிக்கொண்ட தண்டனை. நாளைக்கு அந்தக் கை எழும்பாவிட்டால், அதற்கு ஏணி காரணமில்லை, நான்தான் காரணம்.

மறுநாளே அறுவை என்று குறித்தார்கள். அன்று சாயங்காலம் வார்டில் தலையை மழித்துவிட்டுப் போனார்கள். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சளியை மட்டும் விட்டுவிட்டு. அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை. நாளைக்கு எலும்பை வைத்த பிறகு பழையபடி ஆகிவிடலாம் என்றேன்.

"பழையபடின்னா?"

"பேச மாட்டீங்க."

"அப்ப கேக்கறத இப்பவே கேட்டுக்க" என்றார்.

கேட்க என்னிடம் ஆயிரம் இருந்தது. ஒன்றுதான் வாயில் வந்தது. "அக்கா அப்படிச் சொல்றப்பல்லாம் நான் உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பேனே. பதினெட்டு வருஷத்துல ஒரு தடவகூட இல்லன்னு சொல்லத் தோணலயா?"

"தோணும். வீட்டுக்குப் போய் சொல்லலாம்னு நினைப்பேன்."

"ஏன் சொல்லல?"

"நீ எங்க இடம் குடுத்த?" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அதில் பாதி உண்மை என்பது எனக்கும் தெரியும், அதை இன்றைக்கும் மெல்ல முடியாமல்தான் வைத்திருக்கிறேன்.

காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வயிற்றைத் திறந்து எலும்பை எடுத்து, கழுவி, தலையில் பொருத்தினார்கள். கரைந்த ஓரத்தில் விரல் அகல இடைவெளி. அதை மருத்துவ சிமென்ட் வைத்து அடைத்தார்களாம். "கிட்டத்தட்ட சரியா உக்காந்துடுச்சு" என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்னபோது மத்தியானம் ஆகியிருந்தது. கையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்று மாலை கண் விழித்தார். நான் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்த்தார். உதடு அசையும் என்று பார்த்தேன், அசையவில்லை. மறுநாளும் இல்லை. கேட்டால் தலையாட்டினார். மூன்றாம் நாள் காலை டீ கொண்டுபோனேன். இடது கையை நீட்டி வாங்கினார். கப் ஆடவில்லை. ஒரு சொட்டு சிந்தாமல் குடித்து முடித்து, அதே கையால் திருப்பிக் கொடுத்தார். நான் கழிவறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். என் பொய் அவர் கையைத் தின்றுவிடவில்லை. அந்த நிம்மதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன்னால் நினைவு சரியாக இருக்கிறதா என்று கேள்வி கேட்டுப் பார்ப்பார்கள். பழைய விஷயம் கேட்டால், பதில் சரிதானா என்று வீட்டு ஆளிடமும் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். அன்றைக்கு டாக்டரம்மாவே ஃபைலோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இது எந்த மாசம்?" சரியாகச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தார். "என்ன வேலை பாக்கறீங்க?"

"பிளம்பர்."

"இவங்க யாரு?"

"வீட்டுக்காரி."

டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரிடம் திரும்பி, "எப்படிக் கல்யாணம் ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்டார்.

அவர் தரையைப் பார்த்தார். பதினெட்டு வருடம் நான் பார்த்துப் பார்த்து வெந்துபோன அதே குனிந்த தலை. இப்போது அதில் ஒரு புதுத் தையல்.

"அக்கா பாத்து வச்சாங்க" என்றார்.

"உங்களுக்கு இஷ்டம் இருந்துச்சா?"

"அக்கா சொன்னாங்க. சரின்னேன்."

அவருக்கு அது மறந்திருக்க முடியாது. அது அடி படுவதற்குப் பல வருடம் முந்தைய கதை. அவர் பொய் சொல்கிறார். வெட்கப்பட்டுப் பொய் சொல்கிறார். என் வீட்டுக்காரர் முழுசாகத் திரும்பி வந்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. என்னோடு நாள் பூராவும் பேசிய மனுஷன் இனி வரப்போவதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷம் ஒரு பக்கம், துக்கம் ஒரு பக்கம். எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

டாக்டரம்மா பேனாவைப் பிடித்தபடி என்னிடம் கேட்டார். "சரியாம்மா? அவரு சொல்றது?"

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"சரிதான் டாக்டர்" என்றேன். "அண்ணிதான் பாத்து வச்சாங்க. இவருக்கு இஷ்டமே இல்ல."

டாக்டரம்மா ஒரு நொடி என் முகத்தையே பார்த்தார். பிறகு, 'பழைய நினைவு சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.